உஷார்! முதல் இன்டர்வியூவில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார்?

2022 ஜூன், ஜூலை மாதங்களில் புதுதில்லி ரயில் நிலையத்துப் பிளாட்பாரங்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேர் தினமும் எட்டு மணி நேரம் நின்று ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எந்த ரயில் வந்தது, எது கிளம்பியது, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி. ஏறக்குறைய ஒரு மாதம் இதுதான் வேலை. டிக்கெட் பரிசோதகர், டிராஃபிக் அசிஸ்டன்ட், கிளார்க் பதவிகளுக்கான பயிற்சி இது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள், மொத்தம் 2.67 கோடி ரூபாய். பயிற்சி முடிந்து, கையில் கொடுத்த பணி ஆணையை ரயில்வேயிடம் காட்டியபோதுதான் காகிதம் அத்தனையும் போலி என்று தெரிந்தது.

அந்த டிசம்பரில் செய்தியைப் படித்தவர்களில் பலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். ரயிலை எண்ணுவதற்கா இத்தனை லட்சம்? ஆனால், ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் இன்ஜினீயரிங்கும் தொழில்நுட்பமும் படித்தவர்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அவர்களை நிஜமான ரயில்வே மருத்துவமனைக்கே அழைத்துப் போயிருக்கிறார்கள். சான்றிதழ் சரிபார்ப்பையும் ரயில்வே அலுவலக வட்டாரத்திலேயே நடத்தியிருக்கிறார்கள். இவர்களைக் கூட்டிப்போன முன்னாள் ராணுவ வீரர், தானும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லி அவரே போலீஸில் புகார் கொடுத்தார். கட்டடம் நிஜம், பிளாட்பாரம் நிஜம், ரயில் நிஜம். வேலை மட்டும்தான் பொய்.

ஒரு சின்னத் தகவல் அந்த 28 பேரின் பணத்தையும் காப்பாற்றியிருக்கும். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு, அதாவது குரூப் சி, கெசட் பதிவு பெறாத குரூப் பி பதவிகளுக்கு, 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. தேர்வு எழுத வேண்டும், மதிப்பெண் வாங்க வேண்டும், அவ்வளவுதான். நம்மூர் குரூப் 4 தேர்விலும் நேர்முகம் இல்லை. அப்படியிருக்க, 'ரயில்வே கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ, ஆளைத் தெரியும், பேசி முடிச்சாச்சு' என்று யாராவது சொன்னால் மேலே ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. இல்லாத இன்டர்வியூவில் ஆளைத் தெரிந்து என்ன பயன்?

சரி, அரசு வேலைக்கு ஆசைப்பட்டவர்கள் கதை அது, நம் பிள்ளை தனியார் வேலைக்குத்தானே போகிறான் என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். வலை அங்கேதான் இன்னும் அகலமாக விரிந்திருக்கிறது.

முதல் இன்டர்வியூவுக்கு நாம் பிள்ளைகளை எப்படித் தயார் செய்கிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு. உட்காரச் சொன்ன பிறகு உட்கார். 'உன்னைப் பற்றிச் சொல்' என்றால் ஒப்பிக்க இரண்டு நிமிடப் பதிலை மனப்பாடம் பண்ணு. சம்பளப் பேச்சை நீயாக எடுக்காதே. எதிர்க்கேள்வி கேட்காதே, திமிர் பிடித்தவன் என்று நினைத்துவிடுவார்கள். கல்லூரியின் பிளேஸ்மென்ட் வகுப்பிலிருந்து பக்கத்து வீட்டு அண்ணன்வரை சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியர் என்று முடிவு கட்டிக்கொண்டு செய்யும் தயாரிப்பு இது. அவர் யோக்கியரா என்று பார்க்க மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இப்படிப் பணிவாகப் பழக்கப்பட்ட ஃபிரெஷர்தான் மோசடிக்காரனுக்கு மிகவும் பிடித்தமான இரை.

அதோடு மனநிலை ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வாடிவிடும், மேனேஜரைத் திட்டுவார்கள், 'எப்படா விட்டுட்டு ஓடலாம்' என்பார்கள். வேலை கிடைக்காதவனுக்கோ வாரத்தின் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமையாக இருப்பதுதான் வாதை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால் பக்கத்து இலையிலிருந்து கேள்வி வரும்: "இப்ப என்ன தம்பி பண்றே?" அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு கம்பெனியின் பெயர் வேண்டும். எந்தக் கம்பெனி என்பதுகூட இரண்டாம் பட்சம். அரியர் வைத்தவன், கேம்பஸில் தேர்வாகாதவன், கல்விக்கடன் தவணை தொடங்கிவிட்டவன், அப்பாவுக்கு முடியாமல் போனவள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அவசரம். கேம்பஸில் தேர்வானவர்கள்கூடத் தப்புவதில்லை. 2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆஃபர் கொடுத்துக் காக்கவைத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேர்கிறீர்களா என்று கேட்டது செய்தியானது. அது மோசடி இல்லை, வணிகம். ஆனால், ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஜாயினிங் தேதிக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு 'அடுத்த வாரமே சேரலாம்' என்று ஒரு வாட்ஸ்அப் வந்தால்?

வரும். இப்படித்தான் வரும்: 'உங்கள் ரெஸ்யூம் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கிறது.' நீங்கள் விண்ணப்பித்த ஞாபகமே இருக்காது. வேலைதேடும் தளத்தில் எப்போதோ பதிவேற்றியது என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்வீர்கள். பிறகு போனில் ஒரு 'ஹெச்.ஆர். மேடம்', அன்பாகப் பேசுவார். பத்து நிமிடம், சுலபமான கேள்விகள். 'யூ ஆர் செலக்டட்.' அன்று மாலையே பிரபல நிறுவனத்தின் லோகோ, கையெழுத்து, சீல் எல்லாம் போட்ட ஆஃபர் லெட்டர் பி.டி.எஃப். வந்துவிடும். சம்பளம் ஃபிரெஷருக்கு வழக்கமாகக் கிடைப்பதைவிட ஓர் இழை கூடுதலாக இருக்கும். ரொம்பக் கூடுதலாக இருந்தால் சந்தேகம் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். வீட்டில் பாயசம் வைத்து முடித்த பிறகு அடுத்த அழைப்பு. லேப்டாப்புக்கு டெபாசிட், பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன் கட்டணம், யூனிஃபார்ம், ஐ.டி. கார்டு என்று ஏதோ ஒரு பெயர். ஆயிரத்து ஐந்நூறோ, இரண்டாயிரமோ. 'முதல் மாதச் சம்பளத்தோடு திரும்ப வந்துவிடும்.' இன்று ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும்.

கட்டியதும் இன்னொரு கட்டணம் வரும். அதையும் கட்டியதும் மூன்றாவது. ஏற்கெனவே கட்டிய பணம் போய்விடுமே என்ற பயத்தில் மூன்றாவதையும் கட்டுவார்கள். இந்தப் பயம்தான் மோசடிக்காரர்களுடைய உண்மையான வருமானம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நிஜமான முதல் இன்டர்வியூ பெரும்பாலும் சங்கடமாகத்தான் இருக்கும். தெரியாத கேள்வி வரும், வாய் உலரும், 'சொல்லி அனுப்புகிறோம்' என்று அனுப்பிவிடுவார்கள், பல வாரம் பதிலே வராது. போலி இன்டர்வியூவோ இதமாக இருக்கும். உங்களை யாரும் மடக்க மாட்டார்கள், உடனே பாராட்டுவார்கள். பல மாதம் நிராகரிப்பையே பார்த்த மனசுக்கு அந்தப் பாராட்டு எவ்வளவு பெரிது! அதனால்தான் எம்.இ. படித்தவரும் விழுகிறார். 'இவ்வளவு படிச்சும் ஏமாந்தியே' என்று கேட்பவர்களுக்கு இந்த விஷயம் புரிவதில்லை.

வேலை கொடுப்பவன் வேலை கேட்பவனிடம் பணம் வாங்க மாட்டான். எந்தப் பெயரிலும், எவ்வளவு சிறிய தொகையானாலும், திருப்பித் தருவதாகச் சொன்னாலும். கன்சல்டன்சி என்றால்? முறையாக நடக்கும் கன்சல்டன்சிகள் ஆள் எடுக்கும் நிறுவனத்திடம்தான் கட்டணம் வாங்குகின்றன. வேலை தேடுபவரிடம் பதிவுக் கட்டணம், பயோடேட்டா கட்டணம், இன்டர்வியூ கட்டணம் என்று வசூலிக்கும் இடத்தில் வியாபாரப் பொருள் நீங்கள்தான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல் என்று ஒதுங்கிவிட்டு ஐயாயிரம் கொடுத்து ஏமாறுபவர்களை என்ன சொல்ல?

ஐ.டி.யில் 'பேக்டோர்' என்று ஒன்று ஓடுகிறது. சில லட்சங்கள் கொடுத்தால் நேராக வேலை, சம்பளச் சீட்டு, ஐ.டி. கார்டு எல்லாம் கிடைக்கும். இரண்டு மூன்று மாதம் சம்பளமும் வரும். அது நீங்கள் கொடுத்த பணத்திலிருந்தே வருகிறது. பிறகு ஒரு காலை அலுவலகம் பூட்டியிருக்கும். புகார் கொடுக்கவும் கூச்சம், ஏனென்றால் குறுக்கு வழி என்று தெரிந்துதானே போனோம்? அந்தக் கூச்சத்தையும் கணக்குப் போட்டுத்தான் விலை வைக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பயங்கரமானது வெளிநாட்டு வேலை. இங்கே பணத்தோடு போகும். அங்கே ஆளே போய்விடுவார். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று சமூக வலைதளங்களிலும், துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் ஏஜென்ட்டுகள் மூலமும் கணினி தெரிந்த இளைஞர்களைப் பிடிக்கிறார்கள். பாங்காக்கில் இறங்கியதும் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குச் சட்டவிரோதமாகக் கொண்டுபோகிறார்கள். அங்கே சுற்றுச்சுவருக்குள் அடைத்து, பொய்ப் பெயரில் சமூக வலைதளக் கணக்குகள் திறந்து உலகம் முழுக்க உள்ளவர்களை கிரிப்டோ முதலீட்டில் ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கிறார்கள். மறுத்தால் அடி, பட்டினி, மின்சார அதிர்ச்சி என்று மீண்டு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்போது சுமார் 300 இந்தியர்கள், அவர்களில் 50 பேர் தமிழர்கள், சிக்கியிருப்பதாகத் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதோடு முடிந்ததா? 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை இந்தப் பொறிகளிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. கம்போடியாவிலும் இதே கதைதான்.

இதற்கும் இன்டர்வியூ உண்டு. ஆன்லைனில் நடக்கும். டைப்பிங் வேகம் பார்ப்பார்கள், கொஞ்சம் ஆங்கிலம் பேசச் சொல்வார்கள். தேர்வாகிவிட்டதாக நீங்கள் மகிழும்போது கையில் கொடுப்பது சுற்றுலா விசா அல்லது விமான நிலையத்தில் இறங்கி வாங்கும் விசா. அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். அந்த விசாவில் வேலை பார்ப்பதே குற்றம். 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பது காதில் விழுந்ததுமே போனை வைத்துவிடுங்கள்.

படித்தவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். பத்து தேறியவருக்கு அது தேவையில்லை. சலுகை மாதிரித் தெரியும். உண்மையில், கொத்தனார் வேலைக்குப் போகிறவருடைய ஒப்பந்தத்தை அரசாங்கம் ஒரு தடவை பார்க்கிறது, பி.டெக். படித்தவருடையதை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், இ-மைக்ரேட் அரசுத் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் தவிர ஒரு பைசா கூட வாங்கக் கூடாது. இரண்டு லட்சம் கேட்பவர் பதிவு எண்ணே வைத்திருந்தாலும் அவர் ஆள் சரியில்லை. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. முதலில் அங்கே விசாரிக்கலாமே.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஆன்லைனில் ஒப்பந்தம், பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்பும் வேலை. முடித்துக் கொடுத்ததும் துல்லியம் போதவில்லை என்பார்கள். சம்பளம் இல்லை, மாறாக நீங்கள்தான் அபராதம் கட்ட வேண்டும் என்று 'வக்கீல் நோட்டீஸ்' வாட்ஸ்அப்பில் வரும். 'கோர்ட்டில் கேஸ் போட்டாச்சு, போலீஸ் வரும்' என்று ஒரு குரல் மிரட்டும். வேலை செய்ததற்கு எங்கேயாவது போலீஸ் வருமா? பயந்து கட்டாதீர்கள். அந்த நோட்டீஸையே சாட்சியாக வைத்துப் புகார் கொடுங்கள்.

பணமே கேட்காத மோசடியும் உண்டு. அதில்தான் பலர் அசந்துபோகிறார்கள். 'சாலரி அக்கவுன்ட் திறக்க வேண்டும்' என்று ஆதார், பான், செல்ஃபி, வந்த ஓ.டி.பி. எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். உங்கள் பெயரில் கணக்கு திறக்கப்படும். ஏ.டி.எம். கார்டும் சிம்மும் அவர்கள் கையில் இருக்கும். வேறு யாரிடமோ அடித்த பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். ஆறு மாதம் கழித்து வேறு மாநிலப் போலீஸ் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். சம்பளமே வாங்காதவன் குற்றப் பத்திரிகையில் ஏறுவான். முதல் இன்டர்வியூவுக்கு ரெஸ்யூம் போதும். அடையாளச் சான்று அவசியம் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நகலின் மேல் இன்ன நிறுவனத்தின் வேலை விண்ணப்பத்துக்காக என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடுக்கும் பழக்கம் நல்லது. பெரியவர்கள் அந்தக் காலத்தில் ஜெராக்ஸ் மேல் எழுதியபோது கேலி செய்தோம், அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட் விஷயம் தனி. உண்மையான நிறுவனங்கள் சிலவும் இதில் யோக்கியமாக நடப்பதில்லை. சேரும் அன்றே மார்க்‌ஷீட், டிகிரி எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டிக்கொள்வார்கள். விட்டுப் போக நினைத்தால் 'பாண்டு தொகையைக் கட்டிவிட்டு எடுத்துப்போ.' ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், அப்போதே திரும்ப வாங்குங்கள். சரிபார்ப்புக்கு டிஜிலாக்கர் பிரதி இருக்கிறது. ஆனால், 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று டீக்கடையில் சொல்வதை நம்பிக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நியாயமான பாண்டும் உண்டு, அடிமை பாண்டும் உண்டு. படித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ஒரு நாள் கூடத் தரமாட்டேன் என்பவரிடம் மூன்று வருஷம் எப்படி இருக்கப் போகிறீர்கள்? 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி பணி நியமன ஆணை கொடுப்பது கட்டாயம். அதைக் கேட்பது திமிர் ஆகாது.

இனி இன்டர்வியூவுக்குத் தயாராகும்போது இரண்டு நிமிடச் சுயபுராணத்தோடு இதையும் தயார் செய்யுங்கள். அழைப்பு வந்த எண்ணைத் திரும்ப அழைக்காதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களாகத் தேடி, அதிலிருக்கும் பொது எண்ணுக்குப் போன் போட்டு 'இந்தத் தேதியில் எனக்கு இன்டர்வியூ இருக்கிறதா' என்று கேளுங்கள். மின்னஞ்சல் ஜிமெயிலிலிருந்து வந்திருக்கிறதா, அல்லது நிறுவனத்தின் பெயரோடு 'கேரியர்ஸ்', 'ஜாப்ஸ்' என்று வால் ஒட்டிய முகவரியிலிருந்து வந்திருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மத்திய நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனி எப்போது பதிவானது என்று தெரியும். பதினைந்து வருடப் பாரம்பரியம் பேசும் நிறுவனம் போன வருடம்தான் பதிவாகியிருந்தால் விளங்கிவிடும். பதிவாகியிருப்பதாலேயே நல்லவர்கள் என்றும் அர்த்தமில்லை. மோசடிக்காரர்களும் பதிவு செய்கிறார்கள். நேரில் அழைத்தால் முந்தின நாளே அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பக்கத்துக் கடைக்காரரை விசாரித்தால் கூகுளில் இல்லாத தகவல் கிடைக்கும். லாட்ஜ் அறையிலோ, ஆளில்லாத அபார்ட்மென்ட்டிலோ, இரவு ஏழு மணிக்கோ நடப்பது இன்டர்வியூ அல்ல. பெண் பிள்ளைகள் தனியாகப் போக வேண்டாம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். முதல் தடவை என்றால் ஆண் பிள்ளையும் தனியாகப் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். நான் யாருக்குக் கீழே வேலை செய்வேன்? எந்த இடத்தில்? போன வருஷம் சேர்ந்த ஃபிரெஷர் ஒருவரோடு பேச முடியுமா? நல்ல நிறுவனம் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது. சுளித்தால் உங்களுக்கு லாபம், வீடு திரும்பலாம்.

பணம் போயே போய்விட்டதா? முதல் சில மணி நேரம்தான் முக்கியம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், போன கணக்கு விவரம், தேதி, நேரம் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால் மீட்க வழி உண்டு. தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை தயங்கித் தயங்கி "அப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று வந்து நின்றால் அந்த நிமிடம் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பலர் முதல் இரண்டாயிரத்தை மறைக்கிறார்கள். அதை மீட்க நண்பனிடம் கடன் வாங்கி இருபதாயிரம் கட்டுகிறார்கள். திட்டுவதை 1930-க்குப் போன் செய்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

புகார் கொடுத்த சில நாளில் இன்னோர் அழைப்பு வரக்கூடும். 'சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம்' என்றோ, 'உங்கள் பணத்தை மீட்டுத்தரும் வக்கீல் நாங்கள்' என்றோ. உங்கள் பெயர், போன தொகை, கம்பெனியின் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். பணம் தயாராக இருக்கிறது, பிராசஸிங் கட்டணம் மட்டும் ஐயாயிரம் கட்டினால் போதும் என்பார்கள். அவ்வளவு விவரம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்களிடம் முதலில் அடித்தவர்களே அவர்கள்தான், அல்லது அவர்களிடம் உங்கள் விவரத்தை விலைக்கு வாங்கியவர்கள்.